வயது போன கிற்றார்க்காரரின் புது ஆல்பத்தை எப்படிக் கேட்பது

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கிழமைக்கு மூன்று நாள் பிள்ளைகளுக்குக் கிற்றார் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் 17 வயதுப் பெடியன் ஒருவன், விரல் நல்ல கெதி. டேவிட் கில்மோரின் 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு வா என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வகுப்புக்கு வந்தவன், "சேர், பெரிய ஆள் எண்டு சொன்னீங்கள். இதில வேகமா ஒண்டும் வாசிக்கேல்லையே" என்றான். எப்படிக் கேட்டாய் என்று விசாரித்தேன். நிலாவெளிக்குப் போகிற பஸ்ஸில், போனில், ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாட்டிலும் கிற்றார் தனியாக வரும் இடத்துக்கு விரலால் தள்ளித் தள்ளிக் கேட்டிருக்கிறான்.

ஞாயிறு பின்னேரம் வா, இரண்டு பேருமாக முதலிலிருந்து கேட்போம் என்றேன். அன்றைக்கு நாங்கள் கேட்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேலாகக் கலியாண வீடுகளிலும் திருவிழா மேடைகளிலும் லீட் கிற்றார் வாசித்து வருகிறேன். மூத்த கலைஞர் ஒருவரின் புது வேலை கைக்கு வந்தவுடனே அதைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'முந்தி மாதிரி இல்லை' என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் பக்கத்திலும் நிறையப் பேர். அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

போடுவதற்கு முன்னால்

ஆள் யார், எந்த வயதில் இதைச் செய்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கில்மோர் 1946 மார்ச் 6ஆம் திகதி கேம்பிரிட்ஜில் பிறந்தவர். பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ரொக் கோஷ்டியின் கிற்றார்க்காரர். தன் பெயரில் ஸ்டூடியோவில் செய்து வெளியிட்ட ஆல்பங்கள் ஐந்துதான்: 1978, 1984, 2006, 2015, பிறகு 2024 செப்டெம்பர் 6ஆம் திகதி வந்த இது. இடைவெளிகளைக் கணக்குப் பாருங்கள். ஐந்தாவது வந்தபோது அவருக்கு வயது 78. இவ்வளவு ஆறுதலாக ஆக்கியதை நாங்களும் ஆறுதலாக இருந்துதான் சாப்பிட வேண்டும்.

பாட்டு வரிகளில் பெரும்பகுதியை எழுதியவர் அவருடைய மனைவி, நாவலாசிரியர் பொலி சாம்சன். வயது ஏறுவதும் சாவும்தான் பெரும்பாலான வரிகளுக்கு அடியில் ஓடுகின்றன. அதனால் 25 வயது ஆளின் ஆவேசத்தை இதில் தேடாதீர்கள்.

தயாரிப்பாளரைப் பற்றியும் ஒரு விசயம் தெரிந்திருக்க வேண்டும். சார்லி அன்ட்ரூ என்ற, கில்மோரைவிட எவ்வளவோ வயது குறைந்த ஆள். ஆல்ட்-ஜே என்ற இளம் கோஷ்டியின் ஆல்பங்களைச் செய்தவர். கில்மோரின் பழைய பெருமை எதற்கும் அவர் மிரளவில்லை. இந்த இடத்தில் ஏன் கிற்றார் தனி ஆவர்த்தனம் வர வேண்டும், எல்லாப் பாட்டும் ஏன் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய வேண்டும், சில பாட்டுகள் சும்மா முடிந்தால் என்ன என்றெல்லாம் கேட்டிருக்கிறார். அப்படிக் கேட்டது தனக்குப் பிடித்திருந்தது என்று கில்மோரே சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் மூத்த நாதஸ்வர வித்துவான் ஒருவரிடம் போய், "ஐயா, இந்த இடத்தில ஆலாபனை எதுக்கு?" என்று கேட்க யாருக்குத் துணிவு வரும்? கேட்டால் அவர்தான் பொறுத்துக்கொள்வாரா?

ஆகவே கேட்கும்போது இரண்டு இடங்களில் காதை வையுங்கள். கிற்றார் வரும் என்று நீங்கள் எதிர்பார்த்து அது வராத இடம் ஒன்று. ஒவ்வொரு பாட்டும் எப்படி முடிகிறது என்பது மற்றது.

நேரமும் இடமும்

ஒன்பது பாட்டு, மொத்தம் சுமார் 44 நிமிடம். ஒரே இருப்பில் கேட்கக்கூடிய அளவு. எங்கள் வீட்டில் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் முழுக்க யன்னல் அடித்துக்கொண்டே இருக்கும், அந்த இரைச்சலில் மெல்லிய ஒலி ஒன்றும் காதில் ஏறாது. இரவுச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிய பிறகுதான் நான் கேட்பேன். உங்கள் வீட்டில் எந்த நேரம் அமைதியோ அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிற்றார் அதில் காணாமலே போய்விடும். விலை கூடிய ஹெட்போன் தேவையில்லை, ஆனால் இரண்டு காதிலும் மாட்டுங்கள். இடது பக்கம் ஒரு வாத்தியமும் வலது பக்கம் வேறொன்றுமாகப் பரப்பி வைத்திருப்பதை ஒரு காதால் கேட்டால் பாதிப் பேர் மேடையில் இல்லாத மாதிரி. ஸ்பீக்கர் என்றால் இரண்டையும் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, அவற்றோடு சேர்ந்து ஒரு முக்கோணம் வருகிற மாதிரி நீங்கள் இருங்கள். போனில் 'பேஸ் பூஸ்ட்' போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். டேட்டா நடுவில் அறுந்து போகாமல் முன்கூட்டியே டவுன்லோட் செய்து வையுங்கள்.

முதல் தரம் கேட்கும்போது ஒன்றும் செய்யாதீர்கள். கிற்றாரைக் கையில் எடுக்க வேண்டாம், வரிகளைத் தேட வேண்டாம். 'பிளாக் கேட்' என்று ஒன்றரை நிமிடத் துண்டு முதலில் வரும், அதில் பாட்டே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற நேரம் மாதிரி அது, தாண்டிப் போகாதீர்கள். நடுவில் 'விட்டா பிரெவிஸ்' என்று ஒரு நிமிடம்கூட இல்லாத இன்னொரு துண்டு வரும், அதையும் விட்டுவிடாதீர்கள். முடிந்தவுடன் கொப்பியில் மூன்றே மூன்று வரி எழுதுங்கள், மனதில் நின்றது எதுவோ அது.

எங்கள் பெடியன் எழுதியது இது: 'எல்லாம் ஆறுதலாப் போகுது. பொம்பிளைக் குரல் ஆர்? ரெண்டாவது பாட்டில பியானோ ஆர்?'

அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பஸ்ஸில் கிற்றாரை மட்டும் துரத்தியவன் பக்கத்தில் இருக்கிறவரை விசாரிக்கத் தொடங்கிவிட்டான்.

இரண்டாம் தரம்: கூட இருப்பவர்களைக் கேட்பது

தனி ஆல்பம் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. யாரோடு சேர்ந்து வாசிக்கிறார் என்பதில்தான் இந்த ஆல்பத்தின் உயிர் இருக்கிறது. இரண்டாம் தரம் கேட்கும்போது கிற்றாரை மறந்துவிட்டு மற்றவர்களைப் பிடியுங்கள்.

தலைப்புப் பாட்டில் அந்தக் கீபோர்ட் ரிக் ரைட். பிங்க் ஃப்ளாய்டில் கில்மோரோடு பல காலம் வாசித்தவர். அவர் 2008 செப்டெம்பரில் இறந்துவிட்டார். அதற்கு முந்திய வருடம், 2007இல், கில்மோரின் வீட்டுக் களஞ்சியக் கொட்டிலில் நண்பர்கள் கூடிச் சும்மா வாசித்ததைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாட்டு என்று அப்போது ஒன்றும் இல்லை. அந்தப் பதிவை எடுத்து, அதன் மேல் வரியும் குரலும் வைத்துக் கட்டியதுதான் இந்தப் பாட்டு. ஆள் போய்ப் பதினாறு வருடத்துக்குப் பிறகு அவரோடு புதுப்பாட்டு வாசித்திருக்கிறார்.

ஆல்பத்தின் கூடுதல் பாட்டுகளில் அந்த மூலப் பதிவும் கிடைக்கிறது, சுமார் 14 நிமிடம். பாட்டை ஒரு தரம் கேளுங்கள், பிறகு அந்த 14 நிமிடத்தைக் கேளுங்கள், திரும்பவும் பாட்டுக்கு வாருங்கள். இசை செய்யப் பழகுகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மூலப் பதிவில் ஒருவரும் எங்கேயும் போக அவசரப்படவில்லை. ஒருவர் ஒன்றைப் போடுகிறார், மற்றவர் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறார். 14 நிமிடம் ஏழு நிமிடம் ஆகும்போது எது நின்றது, எது போனது என்று கொப்பியில் இரண்டு பக்கமாகக் குறித்துப் பாருங்கள். ரைட் தன் வலக்கையால் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனியுங்கள். கிற்றார் பேசும்போது அவர் இடம் விட்டுக் கொடுக்கிறார், கிற்றார் மூச்சு வாங்கும்போது உள்ளே வருகிறார்.

எனக்கு இந்தப் பாட்டைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. எங்கள் கோஷ்டியில் 19 வருடம் கீபோர்ட் வாசித்தவர் என் சிநேகிதர். அவருடைய வீடு டச்சுக் குடாப் பக்கம், பயிற்சியெல்லாம் அங்கேதான் நடக்கும். அவர் இறந்து சில வருடமாகிறது. அவர் வீட்டு முன்னறையில் பதிந்த கசெட் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் நாங்கள் மெட்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார், கோப்பை தட்டில் படுகிற சத்தம் கேட்கும். அந்த இடத்தில் அவர் ஒரு கையால் மட்டும் வாசிப்பார். மற்றக் கை கோப்பையைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கசெட்டுக்குப் பிறகு வருகிறேன்.

பெடியன் கேட்ட பொம்பிளைக் குரல் கில்மோரின் மகள் ரோமனி. 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' என்ற பாட்டை அவர்தான் பாடுகிறார், ஹார்ப்பும் அவரே. இந்தப் பாட்டு மட்டும் அவர்களுடைய சொந்தம் இல்லை, மொன்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ் என்ற கோஷ்டி 1999இல் வெளியிட்டது. கோயிலில் தகப்பன் நாதஸ்வரம் வாசிக்க, மகன் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே மகள் முன்னுக்கு நிற்கிறாள், தகப்பன் பின்னுக்கு நிற்கிறார். பாட்டு ஓடும்போது கிற்றார் எவ்வளவு தூரம் ஒதுங்கி நிற்கிறது என்று கேளுங்கள். அவள் பாடி முடித்த பிறகுதான் அவர் வாய் திறக்கிறார்.

மூன்றாம் தரம்: கிற்றாரோடு

இப்போது கிற்றாரை எடுக்கலாம். அதற்கு முன் ஒரு செய்தி. கில்மோர் பல வருடம் வாசித்த கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட் 2019 ஜூனில் நியூயோர்க்கில் ஏலத்தில் 39 இலட்சத்து 75 ஆயிரம் டொலருக்குப் போனது. அந்தப் பணத்தை அவர் சூழலுக்காக வழக்காடுகிற கிளையண்ட்எர்த் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கிற்றார் கையைவிட்டுப் போன பிறகு வந்த ஆல்பம்தான் இது. இரண்டு சுரம் கேட்டாலே இன்னார் என்று இன்னும் தெரிகிறது. 'எந்த பெடல் (ஒலியை மாற்றுகிற கால்மிதிக் கருவி) வாங்கட்டும் சேர்' என்று கேட்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முழுத் தனி ஆவர்த்தனத்தையும் எடுக்கப் பார்க்காதீர்கள். 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' கடைசியில் வரும் வாசிப்பிலிருந்து நாலைந்து வினாடி போதும், ஒரு மூச்சில் பாடக்கூடிய அளவு. டேப் எனப்படும் எண் குறிப்பை இன்டர்நெட்டில் தேட வேண்டாம். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், சுருதி மாறாது. 0.5க்குப் போனால் ஒலி குழம்பிவிடும்.

முதலில் வாயால் பாடுங்கள். குரல் நல்லதோ கூடாததோ, பாட வேண்டும். பாட வராததை விரலில் கொண்டுவர முடியாது. பாட்டு வாயில் நின்ற பிறகு முதல் சுரம் எது என்று கம்பியில் தேடுங்கள். அதற்குப் பிறகு வளைப்பு.

கில்மோரின் மொழி கம்பியை வளைப்பதில் இருக்கிறது. அதைப் பழக ஒரு வழி. இரண்டாவது கம்பியில் 12ஆம் கட்டத்தை (கழுத்தில் உலோகக் கோடுகளுக்கு இடையே உள்ள இடம்) அழுத்தி மீட்டுங்கள். அந்தச் சுருதியைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அதே கம்பியில் 10ஆம் கட்டத்துக்கு வந்து, மோதிர விரலால் அழுத்தி, நடுவிரலையும் சுட்டுவிரலையும் அதன் பின்னால் முட்டுக் கொடுத்து, மீட்டிவிட்டு மேல்நோக்கித் தள்ளுங்கள். 12ஆம் கட்டத்தில் கேட்ட சுருதி வரும்வரை தள்ள வேண்டும். விரலால் தள்ளினால் வலிக்கும், சுருதியும் நிற்காது. பெருவிரலைக் கழுத்தின் மேல் விளிம்பில் கொளுவி, கதவுக் கைபிடியைத் திருப்புகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்கள். போய்ச் சேர்ந்ததும் உடனே அசைக்க வேண்டாம். ஒரு நொடி அப்படியே நிற்கட்டும், பிறகு மெல்லச் சுருதியைக் கொஞ்சம் இறக்கி ஏற்றி அசையுங்கள். கில்மோர் சில இடங்களில் ஒரு தரம் வளைத்த இடத்திலிருந்தே இறங்காமல் இன்னும் ஒரு படி ஏறுவார். அதற்கு மூன்று நாலு மாதம் கழித்து வாருங்கள்.

பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்தைக் கிட்ட நின்று கேட்டவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போவதும், போய்ச் சேர்ந்த இடத்தில் நின்று அசைப்பதும் எங்கள் காதுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அந்தக் காதைப் பாவியுங்கள். பெடியனுக்கு இரண்டு கிழமையாக வராத வளைப்பு, "நாயனம் மாதிரிப் பாடிப் பார்" என்று சொன்ன அன்றைக்கே வந்தது. கிற்றார் என்றதும் காதை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டியதில்லை.

திருகோணமலைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. கடற்காற்று கம்பியைத் தின்றுவிடும். துருப்பிடித்த கம்பி வளைக்கும்போது கட்டத்தில் உரசும், சுருதி பொய் சொல்லும், கடைசியில் அறும். ஒரு கலியாண மேடையில் மாப்பிள்ளை பெண் உள்ளே வருகிற நேரத்தில் எனக்கு இரண்டாவது கம்பி அறுந்தது. கடையில் வாங்கி ஒரு மாதமும் ஆகவில்லை, பக்கெட்டை உடைக்கும்போதே புள்ளி புள்ளியாகக் கறை இருந்ததைக் கண்டும் கட்டியிருந்தேன். பக்கெட்டில் கறை இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாசித்து முடிந்ததும் பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், பையில் போட்டு மூடுங்கள். வளைத்துப் பழகுகிறவர்கள் கம்பியின் தடிப்பு 10இல் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு) தொடங்கும் செட் போடலாம். விரல் நொந்தால் 9.

வரிகளை நாலாம் தரம் கேட்கும்போது வாசிக்கலாம். ஆங்கிலம் சரளமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அகராதியோடு இருங்கள்.

உங்கள் சொந்தக் கொட்டில்

இதுவரை சொன்னதைச் செய்தவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். கில்மோர் 2007இன் பதிவை எறிந்திருந்தால் அந்தப் பாட்டு இல்லை. உங்கள் பயிற்சிகளைப் பதியுங்கள். போனை நடு மேசையில் வைத்தால் போதும். திகதியும் யார் யார் இருந்தார்கள் என்பதும் பதிவின் பெயரிலேயே இருக்கட்டும். பிழையாக வாசித்ததையும் அழிக்காதீர்கள்.

பழைய கசெட் இருந்தால் இந்த வருடமே மாற்றி எடுங்கள். எங்கள் ஈரக் காற்றில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள், மற்றக் கசெட்டுகளுக்கும் ஒட்டிவிடும். நல்லதாக இருந்தால் முதலில் கடைசிவரை முன்னுக்கு ஓட்டி, திரும்பவும் பின்னுக்குச் சுற்றுங்கள், ஒட்டியிருக்கும் நாடா இளகும். பிளேயரின் உலோகத் தலையை ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மில்லிமீற்றர் வயரைக் கணினிக்குக் கொடுக்கலாம். லப்டொப்பில் மைக் துளை மட்டும்தான் என்றால் ஒலி கிழியும், லைன் உள்ளீடு உள்ள சின்ன யூ.எஸ்.பி. சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதியலாம். ஒலியின் உச்சம் சிவப்பைத் தொடாமல் மைனஸ் 6 டெசிபெல் அளவில் நிற்கட்டும். முதலில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். எம்.பி.3 பிறகு.

என் சிநேகிதரின் கசெட்டை அப்படித்தான் எடுத்தேன். 11 நிமிடம். போன ஞாயிறு பெடியன் வந்தபோது ஸ்பீக்கரில் போட்டேன். அவன் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு முதல் இரண்டு நிமிடமும் தொடவேயில்லை.

"சேர், இவர் அடுத்து எங்க போவார்?"

"கேள்" என்றேன்.

மூன்றாவது நிமிடத்தில் ஒரு சுரத்தை வளைத்தான். நிற்கவிட்டான். கோப்பை தட்டில் படுகிற சத்தம் வந்ததும் கம்பியிலிருந்து கையை எடுத்தான். ஒரு கையால் வாசிக்கிற அந்தக் கீபோர்ட் ஒரு சுற்று வந்து முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த சுரத்தைத் தொட்டான்.